எல்லையும் முத்திரையும்

பாறசாலைக்காரனுக்கு எல்லை என்றால் அச்சம் கிடையாது. இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை. மீன் வாங்கச் சந்தைக்குப் போகிறவன் ஒரு மாநிலத்தை விட்டு மறு மாநிலத்துக்குப் போய்த் திரும்புகிறான். 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் சேர்த்தே கேட்டது; அது கிடைக்கவில்லை. ஆகவே என் தாயார் பிறந்த வீடு தமிழ்நாட்டிலும், நான் பிறந்த வீடு கேரளத்திலும் ஆயின. இரண்டுக்கும் இடையே பேருந்தில் போவோம், வருவோம். தாளைக் காட்டு என்று கேட்பார் இல்லை.

அந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவுக்கு வந்ததுதான் என் பிழை என்று இப்போது தோன்றுகிறது. இதே பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்று, வேலையும் பெற்ற பிறகு, அண்டை நாட்டுக்குப் போய் விசா முத்திரை குத்திக்கொண்டு வரப் புறப்பட்டேன். களியக்காவிளைக்குப் போய் வருவதுபோலத்தான் எண்ணிக்கொண்டேன். அதனால் நேர்ந்ததைச் சொல்லுமுன், நம் மாணவ நண்பர்களிற் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும்.

விசா வேறு, தங்கும் உரிமை வேறு. கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசா, கொட்டகை வாசலில் காட்டும் சீட்டைப் போன்றது. உள்ளே நுழைந்தபின் நாம் இருப்பதற்கு அனுமதி தருவது ஐ-94 என்னும் பதிவு. மாணவ நிலையான எஃப்-1-லிருந்து வேலை நிலையான எச்-1பி-க்கு உள்நாட்டிலேயே மாறுகிறவருக்குக் குடியேற்றத் துறை புதிய ஐ-94 தரும்; விசா தராது. அவர் இங்கேயே இருக்கும்வரை அது ஒரு குறையன்று. வெளியே போனால்தான் வாசலிற் காட்டச் சீட்டு இல்லை என்பது நினைவுக்கு வரும்.

முன்பு இத்தொல்லை இவ்வளவு இல்லை. வேலை விசாவை வைத்திருந்தவர்கள் அதனை அமெரிக்காவுக்குள்ளிருந்தே அஞ்சல்வழி புதுப்பித்துக்கொள்ள வழியிருந்தது. விசாவுக்குக் கைரேகை கட்டாயமாகவே, 2004 ஜூலையில் அந்த வழியை அடைத்தார்கள். அதன்பின் அத்தனை பேரும் வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றில் நேரில் நின்றாக வேண்டியதாயிற்று. இந்தியாவுக்குப் போக விடுமுறை போதாதவர்கள் கனடாவையும் மெக்சிகோவையும் நாடினார்கள். டொரண்டோ, வான்கூவர், மாதமோரோஸ் என்ற பெயர்களெல்லாம் நம் மாணவர் விடுதிப் பேச்சில் புழங்கியது இப்படித்தான்.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. செல்லத்தக்க ஐ-94 கையிலுள்ளவர் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் முப்பது நாளுக்குள் திரும்பினால், விசா காலாவதியாகியிருந்தாலும், வேறு வகை விசாவாக இருந்தாலும், உள்ளே விடும் விதி ஒன்று உண்டு. மூத்த மாணவர்கள் அதைத்தான், “பயப்படாதே, முப்பது நாள் இருக்கிறது” என்று சொல்லி அனுப்புவார்கள். விதி உண்மைதான். ஆனால் அங்கே போய்ப் புதிய விசாவுக்கு விண்ணப்பித்தவருக்கு அது பொருந்தாது. 2002 ஏப்ரல் முதல் அப்படித்தான். நயாகராவைப் பார்க்கப் போனவன் திரும்பலாம். தூதரகச் சாளரத்தில் விண்ணப்பத்தை நீட்டியவன், அது முடியும்வரை திரும்ப முடியாது. இந்த ஒரு வரியை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை.

2018 ஏப்ரலில் கனடா நகரம் ஒன்றுக்குப் போனேன். ஊரில் பாட்டா படுக்கையில் இருந்தார். ஜூனில் எனக்குப் பத்து நாள் விடுமுறை. அந்தப் பத்து நாளில் சென்னைத் தூதரகத்துக்கு நாள் ஒதுக்க மனமில்லை. முன்கூட்டியே கனடாவில் முத்திரையை முடித்துக்கொண்டால் பத்து நாளும் பாட்டாவுக்கே என்பது என் கணக்கு. மூன்று நாளுக்கு அறை எடுத்தேன்.

நேர்காணல் நான்கு நிமிடம் நடந்தது. முடிவில் அதிகாரி விசா தரவில்லை. 221(ஜி) என்று எழுதிய ஒரு தாளைத் தந்தார். மேலும் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் பொருள். எத்தனை நாள் என்று அதில் இராது. கடவுச்சீட்டு அவர்களிடமே தங்கிவிட்டது. மூன்று நாள் ஐந்து வாரம் ஆயிற்று. மேலாளர் முதலிரு வாரம் அன்பாக எழுதினார். பிறகு சுருக்கமாக எழுதினார்.

நான்காம் வாரத்தில் தம்பி தொலைபேசியில் அழைத்தான். “அண்ணா, பாட்டா உன்னைத்தான் கேட்கிறார்” என்றான். கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கி ஊருக்குப் போகலாம். போனால் கையிலுள்ள விண்ணப்பம் என்னவாகும், வேலை என்னவாகும், சென்னையில் மறுபடி முதலிலிருந்தா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை, எழுதிக் கேட்பதென்று உட்கார்ந்தபோது செய்தி வந்துவிட்டது. அடக்கத்தைத் தம்பியின் கைப்பேசி வழியாகப் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. அதற்கு எட்டாம் நாள் முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

ஆகவே, முத்திரைக்கு எந்த ஊர் விரைவானது என்று என்னைக் கேட்கும் தம்பி தங்கையரிடம் நான் வேறொன்றைத் திருப்பிக் கேட்பேன்: தாமதமானால் எந்த ஊரில் காத்திருக்க உங்களுக்குச் சம்மதம்? சென்னையில் அந்தத் தாளை வாங்கியிருந்தால், ஐந்து வாரமும் பாட்டாவின் கட்டிலருகே இருந்திருப்பேன். விசா தாமதம் அதேதான்; இடம்தான் வேறு.

இன்று அந்தத் தேர்வுக்கே பெரும்பாலும் இடமில்லை. 2024 ஜனவரி 29 முதல் ஏப்ரல் 1 வரை, எச்-1பி-யை உள்நாட்டிலேயே புதுப்பிக்கும் சோதனை ஒன்றை இருபதாயிரம் பேர்வரைக்கும் என்று நடத்தினார்கள். நல்ல ஏற்பாடு, அத்தோடு நின்றுவிட்டது. 2025 செப்டம்பர் 2 முதல் நேர்காணல் விலக்கு பெருமளவு சுருங்கி, எச்-1பி-க்காரர்களும் நேரில் போக வேண்டியதாயிற்று. அதே மாதம் 6-ஆம் நாள், தற்காலிக விசா கேட்பவர் தம் குடியுரிமை நாட்டிலோ தாம் வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. வேறிடத்தில் விண்ணப்பித்தால் தகுதி பெறுவது கடினமாகலாம். கட்டிய கட்டணமும் திரும்பாது. அமெரிக்காவில் வசிக்கும் இந்தியருக்கு இதன் பொருள், ஊருக்குப் போங்கள் என்பதே.

ஊரிலும் தாமதம் இல்லாமலில்லை. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரரின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். அதனால் இந்தியாவில் டிசம்பருக்கு நாள் வாங்கியிருந்த பலருக்கு 2026 மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போயிற்று. கிறிஸ்துமசுக்குப் போனவர்கள் கோடைவரை நின்றுவிடக்கூடும் என்ற நிலை.

எனவே பயணச்சீட்டு வாங்குமுன் வேலை தரும் நிறுவனத்திடம் ஒன்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்: முத்திரை தாமதமானால் இந்தியாவிலிருந்தபடியே எத்தனை நாள் வேலை பார்க்க விடுவீர்கள்? சில இடங்களில் ஒரு நாளும் விடுவதில்லை. பதில் எதுவானாலும், அதைச் சாளரத்தின் முன் நின்று யோசிக்காமல் இங்கே அறையில் உட்கார்ந்து யோசிக்கலாம். பிறகு எச்-1பி ஒப்புதல் தாளின் மூலத்தையும், அண்மைச் சம்பளச் சீட்டுகளையும், நிறுவனத்தின் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் வேண்டாம், பெட்டி தொலையும்.