கன்னத்துச் சிவப்பு, கழுத்து நீலம்

விளாத்திகுளம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் புதன்கிழமை தடுப்பூசிக்கு மூன்று பிள்ளைகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை மாதக் குழந்தைக்குக் கன்னத்தில் செக்கச்செவேலென்று ஒரு மேடு. பிறந்தபோது வெறும் புள்ளிதான், இரண்டு வாரமாக மளமளவென்று வளர்கிறது. இன்னொரு குழந்தைக்கு நெற்றியிலிருந்து மேல் இமைவரை தட்டையான கருஞ்சிவப்புத் திட்டு, பிறந்ததிலிருந்தே இருக்கிறது. மூன்றாவது, நான்கு வயதுப் பையன். கழுத்தோரம் நீலம் பாய்ந்த மெத்தென்ற கட்டி. அழுதால் புடைக்கும், அமுக்கினால் அமுங்கும். மூன்று வீட்டிலும் ஆச்சிகள் ஒரே பேச்சு பேசுவார்கள்: "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்துருப்பா. வளர வளரப் போயிரும்."

கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வளர வளரப் போய்விடும் என்பது மட்டும் முதல் குழந்தைக்குப் பொருந்தும். அதுவும் எல்லா நேரமும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாம் என்று ஆகாது.

இந்த மூன்றையும் மருத்துவர்களே ஒரு காலத்தில் 'ஹிமான்ஜியோமா' என்ற ஒரே பெயரில் அடைத்து வைத்திருந்தார்கள். 1982-ல் பாஸ்டனில் ஜான் மல்லிகென், ஜூலி குளோவாக்கி இருவரும் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களைச் சோதித்து இரண்டாகப் பிரித்தார்கள். செல்கள் பெருகி வளர்வது கட்டி. கருவிலேயே குழாய்கள் கோணலாக அமைந்துவிடுவது அமைப்புக் கோளாறு. முதல் வகையில் ஹிமான்ஜியோமா சில மாதம் வளர்ந்து, பிறகு சில ஆண்டுகளில் வற்றும். இரண்டாவது வகை, பிள்ளையோடு சேர்ந்து வளரும், தானாக வற்றாது. சிகிச்சை முழுக்க இந்தப் பிரிவினையில்தான் தொங்குகிறது. ஆனாலும் பெரியவர்களின் நீலக் கட்டிக்கு இன்றும் 'ஹிமான்ஜியோமா' என்று எழுதிவரும் ஸ்கேன் அறிக்கைகள் உண்டு. அதை நம்பி 'தானாகப் போய்விடும்' என்று காத்திருப்பவர்கள் பாவம்.

குழந்தைப் பருவ ஹிமான்ஜியோமா அரிதானது அல்ல, நூறில் நான்கைந்து சிசுக்களுக்கு வரும். பெண் குழந்தைகளுக்கும் குறைமாதத்தில், எடை குறைந்து பிறந்தவர்களுக்கும் கூடுதல். முதுகிலோ தொடையிலோ சிறிதாக இருந்தால் விட்டுவிடலாம். இமைமேல் வந்தால் பார்வை கெடலாம். தாடி முளைக்கும் பகுதியில் பரவியிருந்தால் மூச்சுக்குழாய்க்குள்ளும் இருக்கலாம். தோலில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் கல்லீரலை ஸ்கேன் செய்ய வேண்டும்.

இதற்கு மருந்து கிடைத்ததே தற்செயல்தான், 2008-ல் வெளியான செய்தி அது. பிரான்சின் போர்தோ நகரில் கிறிஸ்டின் லெயோத்தே-லாப்ரெஸ் என்ற தோல் மருத்துவரிடம், மூக்கில் ஹிமான்ஜியோமா இருந்த குழந்தை ஒன்று ஸ்டீராய்டு சிகிச்சையில் இருந்தது. அதனால் இதயத் தசை தடித்துப்போனது. அதற்காக புரோப்ரனலால் கொடுத்தார்கள். மறுநாளே சிவப்பு மங்கி, கட்டி இளகத் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் பல்லாண்டாகப் புழங்கிய மலிவான மாத்திரை அது. 2015-ல் வெளியான பெரிய ஆய்வில், ஆறு மாதம் மருந்து எடுத்த குழந்தைகளில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது. வெறும் திரவம் குடித்தவர்களில் 4 சதவீதம்தான்.

இங்கே நாள்கணக்கு முக்கியம். கட்டி மிக வேகமாக வளர்வது ஐந்தரை முதல் ஏழரை வாரத்துக்குள். நம்மூரில் தாயும் பிள்ளையும் பிறந்த வீட்டில் இருக்கும் காலம் அது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருவதும், முதல் தவணைத் தடுப்பூசி போடுவதும் அதே நாட்களில். செவிலியர் சட்டையைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. மருந்தை மட்டும் கடையில் கேட்டு வாங்கி நாமாகக் கொடுத்துவிடக் கூடாது. பால் குடித்த பிறகே தர வேண்டும். பிள்ளை பால் குடிக்காமலோ வாந்தி எடுத்துக்கொண்டோ இருந்தால் அன்று நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கிவிடும். மூச்சிழுப்பு இருந்தாலும் ஆகாது.

நெற்றித் திட்டு வேறு கதை. ஜிஎன்ஏகியூ என்ற மரபணுவில், கருவில் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்த மாற்றத்தால் வருகிறது என்று 2013-ல் கண்டார்கள். பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, தாய் செய்த தவறும் அல்ல. நெற்றி, மேல் இமையில் இருந்தால் வலிப்பும் கண் அழுத்த நோயும் வரலாம், எனவே கண் மருத்துவரிடமும் காட்ட வேண்டும். நிறத்தை வெளுக்க வைக்க லேசர் இருக்கிறது.

பையனின் கழுத்துக் கட்டி சிரைகளின் கோளாறு. ஊசி மூலம் மருந்து செலுத்திச் சுருங்க வைப்பார்கள். இதே கட்டி தொட்டால் சூடாகவும், கைக்குள் துடிப்பதாகவும் இருந்தால் அது தமனியும் சிரையும் நேரே பின்னிக்கொண்ட கோளாறு, எல்லாவற்றிலும் பொல்லாதது. சூடு போடுவது, கீறிவிடுவது எல்லாம் இங்கே உயிருக்கே உலை. ரத்தம் கொண்டுவரும் தமனியை மட்டும் கட்டிவிடும் அரைகுறை அறுவையும் கெடுதல்தான். ஓடைக்குக் குறுக்கே கரை போட்டால் வெள்ளம் பக்கத்துப் புஞ்சையில் புது வழி வெட்டிக்கொள்ளும் இல்லையா, ரத்தமும் அப்படித்தான். குழாய்க்குள் மெல்லிய கதீட்டரை நுழைத்து, பின்னலின் நடுப்பகுதியையே அடைக்க வேண்டும்.

கரிசல்காட்டுக்காரர்கள் ரசிக்கக்கூடிய செய்தி ஒன்று. முதல் மழையில் மண் மணப்பதற்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர்க் குடும்பத்திலிருந்துதான் இந்தக் குழாய்க் கோளாறுகளுக்கான இரண்டு மருந்துகள் வந்தன. ஒன்று, கட்டிக்குள் ஊசியாகப் போடும் பிளியோமைசின். இன்னொன்று சிரோலிமஸ். 1964-ல் ஈஸ்டர் தீவில் அள்ளிய மண்ணிலிருந்து, மாண்ட்ரியலில் சுரேந்திரநாத் சேகல் குழு பிரித்தெடுத்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க வந்த மருந்து, இன்று சிரை, நிணநீர்க் குழாய்க் கோளாறுகளைக் கட்டுக்குள் வைக்கிறது. நோய் எதிர்ப்பைக் குறைப்பதால், ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க முடியும்.

கட்டி எந்த வகை என்று அறிய முதலில் தேவைப்படுவது டாப்ளர் ஸ்கேன், பிறகு சிலருக்கு எம்ஆர்ஐ. குழாயடைப்புச் சிகிச்சை வரை போனால் மதுரை, அல்லது கோவில்பட்டியிலேயே ரயிலேறி திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனம். எங்கே போனாலும் கைபேசியில் இருக்கும் பிள்ளையின் படங்களைத் தேதிவாரியாக எடுத்துப் போங்கள். பிறந்த அன்றைய படத்தில் தடம் இருந்ததா, இல்லையா என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி.