தொட்டிக்கும் பொறிக்கும் இடையே

தம் கைகளாலேயே வானூர்தி கட்டிப் பறக்கும் வழக்கம் அமெரிக்காவில் ஆழ வேரூன்றியது. பால் போபரெஸ்னி 1953இல் மில்வாக்கியில் தொடங்கிய சோதனை வானூர்திச் சங்கத்தின் ஆண்டுப் பெருங்கூட்டம் ஆஷ்காஷ் நகரில் நடைபெறுகிறது. ஊர்தியின் பெரும்பகுதியைக் கட்டுவோர் தாமே, கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. பொறி போன்ற சில உறுப்புகள் இதற்கு விலக்கு. கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து இறக்கைக்குத் தறையாணி அடித்தவரும், பொறியை லைக்கமிங் அல்லது ரோட்டாக்ஸ் ஆலையிலிருந்து வாங்கித்தான் பூட்டுகிறார். மகிழுந்துப் பொறியை மாற்றியமைத்துப் பூட்டும் துணிச்சல்காரர்களும் உண்டு. அவர்கள் கதை வேறு.

ஆகவே இத்தகைய ஊர்தியின் பொறி ஆலையில் பல்லாண்டு தேறியது. தொட்டி, குழாய், வடிகட்டி, எக்கி, தொட்டி மாற்றும் திருகு ஆகியவை ஒருவர் முதன்முறையாகச் செய்து பார்த்தவை. பராமரிப்பின் முதற்கவனம் எங்கே செல்ல வேண்டும் என்பதற்கு இவ்வேறுபாடே விடை. அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகை ஊர்திகளின் நேர்ச்சிகளில் பொறி வலுவிழத்தலையும் பறப்பில் கட்டுப்பாடு இழத்தலையும் முன்வரிசையில் வைத்தது. எரிபொருள் அமைப்பைச் சோதித்ததற்கான அறிக்கையைப் பறக்குமுன் கேட்டுப் பெற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

அச்சோதனை எளியது; ஆனால் பொறுமை வேண்டும். ஊர்தியின் மூக்கை, அது ஏறக்கூடிய மிகச் செங்குத்தான கோணத்துக்கும் சற்று மேலாக உயர்த்தி நிறுத்துவர். தொட்டியில் சிறிதளவே எரிபொருள் இருக்கும். பொறிக்குச் செல்லும் குழாயை அதன் வாயிலில் கழற்றி, அளவுக்கலத்தில் விட்டு, நேரம் பார்ப்பர். மேல் இறக்கைத் தொட்டியிலிருந்து புவியீர்ப்பால் மட்டுமே இறங்கும் அமைப்பானால், புறப்பாட்டின்போது பொறி அருந்தும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு வந்து சேர வேண்டும். எக்கி கொண்ட அமைப்புக்கு ஒன்றேகால் மடங்கு போதும். நூறு குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் 912 பொறி முழு விசையில் மணிக்கு 27 லிட்டர் அருந்தும். எக்கி வழி அதற்கு வந்து சேர வேண்டியது ஏறத்தாழ 34 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். தரையில் மட்டமாக நிற்கையில் தடையின்றிப் பாய்ந்த குழாய், மூக்கு உயர்ந்தவுடன் நூலாய் மெலிவது உண்டு. புறப்பட்டு மரவுச்சி உயரத்தில் இருக்கும்போது இதைக் கண்டறிவதினும், கொட்டகை வாயிலில் கண்டறிவது நன்று.

பாய்ச்சல் குறைவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. கட்டும்போது தொட்டிக்குள் விழுந்த அலுமினியச் சீவல், கண்ணாடியிழைத் தூசு, காய்ந்து உரிந்த அடைப்புப் பசை, இணைப்புகளில் சுற்றிய டெஃப்லான் நாடாவின் நைந்த நார் ஆகிய யாவும் வடிகட்டியை நோக்கியே பயணம் செய்யும். முதல் சில பறப்புகளுக்குப் பின் வடிகட்டியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது இதனாலேயே. தொட்டியின் காற்றுத் துளையில் குளவி மண்கூடு கட்டிவிட்டால், எரிபொருள் இறங்க இறங்க உள்ளே அழுத்தம் தாழ்ந்து, இறுதியில் பாய்ச்சல் நின்றுவிடும். தொட்டி நிறைந்திருக்கப் பொறி பட்டினி கிடக்கும் விந்தை இப்படித்தான் நேர்கிறது.

வெப்பம் இன்னொரு பகை. எக்கி உறிஞ்சும் பக்கத்தில் குழாயின் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் நீர்மம் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். புகைபோக்கியை ஒட்டிச் செல்லும் குழாயில் எரிபொருள் ஆவியாகிக் குமிழியிட்டால், எக்கி ஆவியை மென்று கொண்டிருக்கும். பொறிக்கு எதுவும் போய்ச் சேராது. சாலை வண்டிப் பெட்ரோல் வானூர்திப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாவது என்பதால் இவ்விடர் அதில் மிகுதி. மின் எக்கியைத் தொட்டிக்கு அருகில் தாழ்வாக அமைத்து, எரிபொருளை இழுப்பதற்குப் பதில் தள்ளச் செய்வது நல்ல தீர்வு.

சாலைப் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் நீரை ஈர்த்துக்கொள்ளும். நீர் மிகுந்தால் அக்கலவை பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தேங்கும். சில அடைப்புப் பசைகளையும் கண்ணாடியிழைத் தொட்டிகளின் பிசினையும் எத்தனால் இளக்கிவிடுவதும் அறிந்ததே. மறுபுறம், நூறு எல்.எல். எனப்படும் நீலநிற வானூர்திப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அது தீப்பொறிச் செருகிகளில் மணிகளாய்ப் படிகிறது. மசகெண்ணெயில் சேறாய்த் திரள்கிறது. ரோட்டாக்ஸில் பற்சக்கரப் பெட்டிக்கும் பொறிக்கும் ஒரே எண்ணெய் என்பதால் இச்சேறு இரண்டையும் தொடும். ஆகவே ஈயப் பெட்ரோலை மிகுதியாக அருந்தும் பொறிக்கு, நூறு மணிக்கொருமுறை மாற்றும் எண்ணெயை ஐம்பது மணிக்கொருமுறை மாற்றச் சொல்கிறது ஆலை. எந்தப் பெட்ரோலும் குறையற்றதன்று. எதை ஊற்றுகிறோமோ அதன் குறைக்கேற்பப் பராமரிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இனிப் பொறி. ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்கென் நகரில் உருவாகும் ரோட்டாக்ஸ் 912இல் கார்புரேட்டர் எனப்படும் எரிவளிக் கலப்பிகள் இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு உருளைகளுக்கு ஊட்டும். இரண்டும் ஒத்திசையாவிட்டால் ஒரு பக்க உருளைகள் மிகுதியாகவும் மறுபக்கத்தவை குறைவாகவும் உழைக்கும். அதிர்வு எழும், பற்சக்கரங்கள் தேயும். கலப்பியின் கிண்ணத்தில் மிதக்கும் சிறு மிதவைகளும் கவனத்துக்குரியவை. அவை எரிபொருளை உறிஞ்சிக் கனத்துவிட்டால் மூழ்கத் தொடங்கும், கிண்ணம் வழியும், கலவை செறிந்து பொறி திணறும். ஓர் இணை மிதவை ஏழு கிராமுக்கு மேல் எடை காட்டக்கூடாது. நகைக்கடைத் தராசு போன்ற சிறு தராசு ஒன்று இப்பொறி வைத்திருப்போர் கருவிப்பெட்டியில் இருப்பது இதனால்தான். ரப்பர்க் குழாய்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பார்வைக்கு எவ்வளவு புதிதாய்த் தோன்றினும், மாற்றியாக வேண்டும். லைக்கமிங் வைத்திருப்போர்க்கு வேறு வழக்கங்கள்: எண்ணெய் வடிகட்டியை அறுத்து விரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்ப்பது அவற்றுள் தலையாயது.

குளிர்நாட்டுத் தொல்லை எனப் பலர் எண்ணும் கலப்பிப் பனி, ஈரக்காற்று வீசும் வெப்பமான நாளிலும் உண்டாகும். எரிபொருள் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் விரையும்போதும் வெப்பம் சரிந்து, காற்றின் ஈரம் உள்ளே உறைகிறது. வெப்பக் காற்றைத் திருப்பிவிடும் கம்பி தடையின்றி நகர்கிறதா என்று ஒவ்வோர் ஆய்விலும் இழுத்துப் பார்த்தால் போதும்.

எரிபொருள் அமைப்பில் ஒருவர் செய்யும் மாற்றம் மற்றொருவரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்குப் பாடகர் ஜான் டென்வரின் முடிவு சான்று. பர்ட் ருட்டான் வரைந்த லாங்-ஈஸி ஊர்தியில், தொட்டி மாற்றும் திருகு ஓட்டுநரின் கால்களுக்கிடையே இருக்கும்படி வரைபடம் சொல்லியது. கட்டியவர் அதை இருக்கைக்குப் பின்னே, இடத்தோளுக்கு மேலே வைத்தார். ஓட்டுநர் அறைக்குள் எரிபொருள் குழாய் வரக்கூடாது என்பதே காரணம் எனச் சொல்லப்பட்டது. கேட்டால் நியாயமாகவே தோன்றும் காரணம்! திருகில் குறிகள் இல்லை. எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிகளோ பின்னிருக்கையில் இருப்பவர்க்கே தெரிவன. அண்மையில்தான் அவ்வூர்தியை வாங்கிய டென்வர், 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டெரேயில் புறப்படுமுன், திருகை எட்ட முடியாமல் பிடிகுறடு ஒன்றைப் பூட்டி நீட்டிக்க முயன்றார். அதுவும் உதவவில்லை. எரிபொருள் நிரப்பவும் அவர் விரும்பவில்லை. வலக்கையைப் பின்னே கொண்டுசெல்ல உடலைத் திருப்பினால் வலக்கால் தானாகவே சுக்கான் மிதிகட்டையை அழுத்தும் என்று விசாரணையில் கண்டனர். ஊர்தி கடலில் வீழ்ந்தது. பொறியில் குற்றமில்லை.

கட்டியவருக்குத் தம் ஊர்தியை ஆண்டுதோறும் தாமே ஆய்வு செய்யும் சான்று கிடைக்கும். ஊர்தியை விற்றாலும் அச்சான்று வாங்குபவர்க்குச் செல்லாது. எந்தக் குழாய் ஏன் அவ்வழியே வளைகிறது என்னும் அறிவும் கட்டியவரிடமே தங்கிவிடும். ஆகவே இரண்டாம் கைக்கு வந்த ஊர்தியை ஆய்பவர் முதலில் வடிவமைப்பாளரின் வரைபடத்தை விரிக்கிறார். தொட்டியிலிருந்து ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுவந்து, மாறுபட்ட இடங்களைப் பதிவேட்டில் எழுதுகிறார். பிறகு மூக்கை உயர்த்தி, குழாயைக் கழற்றி, அளவுக்கலத்தைக் கீழே வைக்கிறார். முன்னவர் அச்சோதனையைச் செய்திருந்தாலும் சரியே.