மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்க முன்

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது நமது ஊர்களில் வழக்கமாகி வருகிறது. 18 வயதுக்கு முன் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்காது. அது இல்லாமல் ஓடி விபத்து நடந்தால், காப்புறுதி நிறுவனம் நட்டஈட்டை மறுக்கலாம். எனது மாணவன் ஒருவன் காலில் கட்டுடன் வந்தே பரீட்சை எழுதினான். அந்த வண்டியை வாங்கிக் கொடுத்தவர் வாப்பாதான்.

வயது வந்தவருக்குப் பாவித்த வண்டி வாங்குவதென்றால், நிறத்தைப் பார்க்க முன் வாகனப் புத்தகத்தைப் பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் அதில் இருந்தால், அது நீங்கும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். எஞ்சின், செசி இலக்கங்களையும் வண்டியோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஹெல்மட். பொலிஸைக் கண்டதும் தலையில் கவிழ்ப்பதற்கா அது? பட்டி பூட்டாவிட்டால், விழும்போது தலையை விட்டுக் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் நுரைதான் நசுங்கி அடியை ஏற்கிறது, நசுங்கியது மீளாது. ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மட்டை, வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், மாற்றத்தான் வேண்டும். பாவித்ததை வாங்கவே வேண்டாம். பின்னால் இருப்பவருக்கும் அளவான ஒன்று தேவை; சட்டமும் அதுதான்.

நமது கரையோர வீதிகளில் மணல் படிந்திருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மணலில் முன் பிரேக்கை இறுக்கினால் சில்லு வழுக்கும். வேகம் 30 கிலோமீற்றரிலிருந்து 60 ஆகும்போது, பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.