நீக்கிய குரோமியம் எங்கே போகிறது?

குமரி மாவட்டத்தில் நாம் சிரட்டை என்று சொல்லும் தேங்காய் ஓட்டைக் கரியாகச் சுட்டு, உயர் வெப்பத்தில் நீராவி செலுத்தினால் அதற்குள் நுண்துளைகள் பெருகிச் செயலூட்டப்பட்ட கரியாகிறது. அத்தகைய கரி ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கும். கழிவுநீரில் கரைந்துள்ள கன உலோகங்கள் அப்பரப்பில் ஒட்டிக்கொள்வதையே பரப்புக் கவர்தல் என்கிறோம். கேட்பதற்கு எளிது. ஒட்டிய உலோகம் அதன்பின் என்னவாகிறது என்பதே சட்டத்தோடும் சாதியோடும் தொடர்புடைய வினா.

இராணிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1995இல் மூடப்பட்டபோது ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு வெட்டவெளியில் விடப்பட்டது. மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. தோல் பதனிடப் பயன்படுவதோ மூன்று இணைதிறன் குரோமியம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது ஆலைத் தரப்புக்கு மிக வசதியானது. முன்னது புற்றுநோய் விளைவிப்பது. நீரில் எளிதில் கரைந்து பரவுவது. எனவேதான் உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இசைவளிக்கும் விதிகள், ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு 0.1 மில்லிகிராம் மட்டுமே அனுமதிக்கின்றன.

சுத்திகரிப்பிலும் இந்த வேறுபாடு முக்கியம். அயனிப் பரிமாற்றத்தில், பிசின் மணிகள் தம்மிடமுள்ள தீங்கற்ற அயனியை நீரில் விட்டு, அதற்கு ஈடாக உலோக அயனியைப் பிடித்துக்கொள்கின்றன. மூன்று இணைதிறன் குரோமியம் பொதுவாக நேர்மின் சுமை உடையது. ஆறு இணைதிறன் குரோமியமோ ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட்டாக, எதிர்மின் சுமையோடு திரிகிறது. நேரயனிப் பிசினை மட்டும் வைத்திருக்கும் ஆலை அதனைப் பிடிக்க இயலாது. ஆய்வுக்குச் செல்லும் தோழர்கள் முதலில் கேட்கவேண்டியது, எந்தப் பிசின் என்பதுதான்.

இரு முறைகளுமே உலோகத்தை அழிப்பதில்லை. தனிமத்தை எந்த வேதிவினையும் அழிக்காது. இடம் மாற்றும், அவ்வளவே. நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் ஓர் ஆலை, லிட்டருக்கு 5 மில்லிகிராம் குரோமியத்தை நீக்குவதாகக் கொள்வோம். நாளுக்கு 5 கிலோ, மாதத்துக்கு 150 கிலோ. அது தீர்ந்த கரியிலோ, பிசினைக் கழுவிய அடர் உப்புநீரிலோ, சேற்றிலோ இருந்தாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், நச்சு உலோகம் ஏறிய பிசினை முதல் அட்டவணையின் 35.2ஆம் இனத்திலும், சுத்திகரிப்பு நிலைய வேதிச்சேற்றை 35.3ஆம் இனத்திலும் பெயர் சொல்லியே சேர்த்துள்ளன.

அந்தச் சேறு ஆளையும் கொல்லும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட் பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் சேற்றில் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இத்தகைய தொட்டிகளில் இறங்கிச் சேறு அள்ள ஒப்பந்தக்காரர் யாரைத் தேடிவருவார் என்பதை நம் சேரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், 'அபாயகரத் துப்புரவு' என்பதைச் சாக்கடையோடும் மலத்தொட்டியோடும் நிறுத்திவிட்டது. அவ்விரண்டின் வரையறையும் மனித மலத்தைச் சார்ந்தே அமைந்துள்ளது. மலம் கலவாத குரோமியச் சேற்றில் இறங்கி மடிந்தவரை, அவ்வரையறைக்கு வெளியே நிறுத்தி ஆலைத் தரப்பு வாதிட வழி இருக்கிறது. 1996இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்க' என்னும் நெறியை, தொட்டிக்குள் இறக்கப்பட்டவரின் உடலுக்கும் விரித்து நாம் வாதிட வேண்டியிருக்கிறது.

அதற்குச் சான்று வேண்டும். ஆலைகள் ஆண்டுதோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அளிக்கும் படிவம் 4, கழிவு ஏற்றிச்செல்லும் ஒவ்வொரு வண்டிக்குமான படிவம் 10 ஆகிய இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். நீரிலிருந்து நீக்கியதாகச் சொல்லும் கிலோவும் வண்டியில் ஏறிய கிலோவும் பொருந்தாவிட்டால், மிச்சம் எங்கே புதைந்தது, அதை யார் கை அள்ளியது என்று அடுத்த மனுவில் கேட்கலாம்.