மழை பெய்தால் நகரும் உப்பு

பண்ருட்டி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய இந்துப்புக் கட்டியைச் சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாகச் சிதறுகிறதே, அது பூமிக்குள் வளைந்து வழிகிறது என்றால் எப்படி நம்புவது என்பது அவர் கேள்வி.

சுத்தியல் ஒரு நொடியில் அடிக்கிறது. பூமி லட்சக்கணக்கான ஆண்டுகள் அழுத்துகிறது. நாலாபுறமும் இறுக்கிப் பிடித்து மெல்ல மெல்ல அழுத்தினால் உப்பு உடையாது, இடம் கொடுத்து நகரும். உப்பு உருக 801 டிகிரி வெப்பம் வேண்டும். நகர அதில் எட்டில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆழம் போகப் போகச் சூடு ஏறும், நகர்வும் கூடும். மேலே படிந்த களிமண் அமுங்கிக் கனத்துக்கொண்டே போக, உப்பு மட்டும் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.16 கிராம் என்ற அளவிலேயே நிற்கும். அதனால்தான் பல நாடுகளில் அது மேலுள்ள பாறைகளைத் துளைத்துக்கொண்டு தூணாக எழும்பியிருக்கிறது. இந்துப்பு வெட்டும் பாகிஸ்தானின் கேவ்ராவில், 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த அந்த உப்புப் படுகையின் மேல்தான் இமயத்தின் முன்வரிசைப் பாறைகள் தெற்கு நோக்கி வழுக்கி வந்தன.

என்னைப் பிடித்து நிறுத்துவது இதில் தண்ணீருக்கு உள்ள பங்கு. உப்புப் படிகங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. படிகங்கள் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில் உப்பு அதில் கரைகிறது. நெருக்கம் குறைந்த பக்கத்துக்குப் போய் மறுபடி படிகமாகிறது. சொற்பமான இந்த ஈரம் பாறையை எவ்வளவு தளர்த்துகிறது என்பதை உராய், ஸ்பையர்ஸ் முதலியோர் 1986இல் சோதனைச்சாலையில் காட்டினார்கள். ஐப்பசி அடைமழையில் பானையிலிருக்கும் வெல்ல உருண்டை தளர்ந்து ஒன்றோடொன்று அப்பிக்கொள்வதை எங்கள் வீட்டில் பார்த்து வளர்ந்த எனக்கு, இதைப் படித்ததும் அந்தப் பானைதான் நினைவுக்கு வந்தது.

ஈரானில் கூ-ஏ-நமக் என்றொரு மலை. தரையைப் பிளந்து வெளிவந்த உப்பு அங்கே பனியாறு போலச் சரிவில் இறங்குகிறது. டால்பட், ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதில் அடையாளக் கம்பிகள் நட்டு அளந்தார்கள். வறண்ட காலத்தில் வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும், அவ்வளவுதான். மழை நனைத்ததும் ஒரே நாளில் அரை மீட்டர் வரை நகர்ந்தது! கல் என்று நாம் அழைக்கும் ஒன்று, ஒரு மழைக்கு.

இந்தக் குணத்தை நம்பித்தான் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 1999 முதல் 655 மீட்டர் ஆழத்து உப்பில் அணுக்கழிவைப் புதைக்கிறார்கள். உப்பு தானே நெருங்கி வந்து மூடிக்கொள்ளும். ஜெர்மனியின் ஆஸ்ஸவில் இதே குணத்தை மதிக்காமல் விட்டார்கள். உப்பு வெட்டிய அறைகள் நிரப்பப்படாமல் கிடந்த பழைய சுரங்கம் அது. 1967 முதல் 1978 வரை அங்கே சுமார் 1,26,000 பீப்பாய் கழிவை இறக்கினார்கள். காலி அறைகளை நோக்கி உப்பு நகர, பக்கத்துப் பாறை விரிசல் விட்டது. 1988 முதல் தண்ணீர் உள்ளே வருகிறது. அத்தனை பீப்பாய்களையும் திரும்ப வெளியே எடுக்க 2013இல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் ராஜஸ்தானின் பீகானேரில் நிலத்தடியில் கச்சா எண்ணெய் சேமிப்பு அமைப்பதாக 2017 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அந்தப் பக்கத்து ஆழத்தில் உப்புப் படுகை உண்டு. உப்புக்குள் அறை குடைந்தால் அது ஆண்டுக்காண்டு சுருங்கத்தான் செய்யும். அதை அளந்துகொண்டே இருப்பதற்கான ஆட்களையும் பணத்தையும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.