பழைய சட்டகம், புதிய சக்கரம்

பழைய மிதிவண்டியை நம் வீடுகள் எளிதில் கைவிடுவதில்லை. மாடிப்படிக்கு அடியிலோ பின்கட்டுத் தாழ்வாரத்திலோ சாக்குப் போர்த்தியபடி அது ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். ஒரு தலைமுறைக்கு முன்னர் அதுவே குடும்பத்தின் முதல் ஊர்தி. பலருக்கு அதுவே முதல் கடனும் ஆகும். அரசு அலுவலர்களுக்கு மிதிவண்டி வாங்க முன்பணம் வழங்கி, அதை மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் நடைமுறை நெடுங்காலம் இருந்தது. அவ்வாறு வாங்கிய வண்டியை எடைக்குப் போட மனம் வராதது இயல்பே. ஆயினும், துடைத்து எண்ணெயிட்டு அப்படியே இன்றைய சாலையில் இறக்குவதும் தக்கதன்று. அந்த வண்டி உருவான காலத்தின் போக்குவரத்து வேறு. இன்றைய வேகம் வேறு.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. சட்டகத்தைக் காத்து, தேய்ந்தவற்றையும் காலத்துக்கு ஒவ்வாதவற்றையும் மட்டும் நவீன உறுப்புகளால் மாற்றுவதே அது. எதை மாற்றுவது, எந்த வரிசையில் மாற்றுவது என்பதில்தான் பணமும் பாதுகாப்பும் அடங்கியுள்ளன.

எஃகின் பெருமை

சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும், சோனிப்பட்டில் 1951-இல் அட்லஸ் நிறுவனமும், லூதியானாவில் 1956-இல் ஹீரோ சைக்கிள்ஸ் நிறுவனமும் தோன்றின. இத்தகைய ஆலைகளிலிருந்து நாடெங்கும் சென்ற கறுப்பு நிற வண்டிகள் பெரும்பாலும் ஆங்கிலேய ‘ரோட்ஸ்டர்’ வடிவத்தைப் பின்பற்றியவை. 28 அங்குலச் சக்கரம், கம்பிகளால் இயங்கும் பிரேக், சங்கிலியை மூடும் உறை ஆகியவை அவற்றின் அடையாளங்கள்.

அச்சட்டகத்தின் எஃகுக் குழாய்கள், இணைப்புக் குழல்களில் செருகப்பட்டுப் பித்தளைப் பற்றினால் ஒட்டப்பட்டவை. துரு தின்னாதவரை அவற்றின் உறுதி குறைவதில்லை. சற்றே வளைந்தாலும் தேர்ந்த கையால் நிமிர்த்த முடியும். அலுமினியச் சட்டகத்துக்கு இந்த வசதி இல்லை. வளைத்தால் அது விரிசல் காணக்கூடும்.

முதலில் சோதனை

உறுப்புகளை வாங்கும் முன் சட்டகத்தின் உடல்நலத்தை அறிய வேண்டும். ஒரு நீண்ட நூலைப் பின்சக்கர அச்சு பொருந்தும் இடத்தில் கட்டி, முன்புறத் தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்க அச்சு இடத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். இருக்கையைத் தாங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டகம் நேராக உள்ளது. தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே, சாய்வுக் குழாயின் அடியில் வண்ணப்பூச்சு சுருங்கியோ வெடித்தோ இருந்தால், வண்டி என்றோ எதன்மீதோ மோதியிருக்கலாம். மழைநீர் தேங்கும் இடமாகிய, மிதி அச்சின் அடிக்கூட்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும். குழாயில் துளை விழுமளவுக்குத் துரு ஏறியிருந்தால் அந்தச் சட்டகத்துக்கு ஓய்வளிப்பதே முறை.

நிறுத்துவதே முதல் தேவை

புதுப்பிக்க விரும்புவோர் பெரும்பாலும் கியரைத்தான் முதலில் நினைக்கின்றனர். முதல் செலவு பிரேக்குக்கே உரியது. பழைய வண்டியின் கம்பிப் பிரேக், முலாம் பூசிய எஃகு ரிம்மின் உட்புறத்தை ரப்பர்க் கட்டையால் அழுத்துகிறது. உலர்ந்த நிலையில் அது ஓரளவு பணி செய்யும். மழையில் நனைந்த எஃகின்மீது ரப்பரின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அலுமினியக் கலவை ரிம் நனைந்தபோதும் இதனினும் நன்கு பிடிக்கும்.

ஆனால் கம்பிப் பிரேக்குக்கென அமைந்த சட்டகங்கள் பலவற்றில், இன்றைய கேபிள் பிரேக்கைப் பொருத்துவதற்கான துளையே இராது. அத்தகைய வண்டிக்குச் சக்கரக் குடத்துக்குள்ளேயே அமையும் டிரம் பிரேக் பொருத்தமானது. மூடிய அமைப்பாதலால் மழை அதனை எளிதில் பாதிப்பதில்லை, ரிம்மும் தேய்வதில்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், முன்சக்கரத்தின் பிரேக்கே அதிகம் உழைக்கிறது. ஆகவே ஒன்றை மட்டுமே மாற்ற இயலுமாயின் முன்னதையே மாற்றுங்கள். டிரம்மின் கைத்துண்டு முன் ஃபோர்க்கில் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்; நிறுத்தும் விசை முழுவதையும் அதுவே தாங்குகிறது.

அளவறிந்து வாங்குக

அளக்காமல் வாங்கிய உறுப்பு பெட்டியில்தான் கிடக்கும். மூன்று அளவுகளை மறக்கலாகாது.

முதலாவது, சக்கரத்தின் விட்டம். நம் பழைய 28 அங்குல ரிம்மில் டயர் அமரும் விளிம்பின் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்று பரவலாக உள்ள 700சி ரிம்மில் அது 622 மில்லிமீட்டர். புதிய சக்கரம் பழைய சட்டகத்தில் நுழையும். ஆனால் விளிம்பு 6.5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருப்பதால் பழைய பிரேக் கட்டை சரியான இடத்தில் படாது.

இரண்டாவது, ஆரக்கம்பிகளின் எண்ணிக்கை. பழைய மரபில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40. இன்றைய குடங்கள் பெரும்பாலும் 36 அல்லது 32 துளைகள் உடையவை. எனவே குடத்தை மாற்றினால் ரிம்மையும் மாற்ற நேரிடலாம்.

மூன்றாவது, பின்சக்கரம் அமரும் இடைவெளி. ஒற்றைப் பற்சக்கர வண்டியில் அது ஏறத்தாழ 110 மில்லிமீட்டர். இன்றைய பல கியர் குடங்களுக்கு 130 அல்லது 135 மில்லிமீட்டர் தேவை. எஃகை விரிக்க முடியும் என்பதற்காக இவ்வளவு தூரம் விரிப்பது நல்லதன்று.

கியர் கணக்கு

முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னதில் 18 பற்களும் உள்ள வண்டி, ஒரு முறை மிதித்தால் ஏறத்தாழ 5.4 மீட்டர் செல்லும். பின்பற்சக்கரத்தை 22 பற்கள் உடையதாக மாற்றினால் அது 4.4 மீட்டராகக் குறையும். மேம்பாலம் ஏறும்போது முழங்கால் நன்றி சொல்லும். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய மாற்றம் இதுவே.

மேலும் செலவிட இயன்றோர், குடத்துக்குள் மூன்று கியர் அமைந்த வகையைக் கருதலாம். ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் ஏ.டபிள்யூ. வகை 1936 முதல் புகழ்பெற்றது. அதன் கீழ் கியர் நடுக் கியரில் நான்கில் மூன்று பங்கு. மேல் கியர் மூன்றில் ஒரு பங்கு மிகுதி. மேற்கண்ட 22 பல் சக்கரத்துடன் இணைத்தால் 3.3, 4.4, 5.9 மீட்டர் என மூன்று நிலைகள் கிடைக்கும். ஏற்றத்துக்கு எளிமையும் சமவெளிக்குப் பழைய வேகத்தை விஞ்சும் ஓட்டமும் ஒருங்கே அமையும். இத்தகைய குடத்தில் சங்கிலி ஒரே நேர்கோட்டில் ஓடுவதால், தூசிக்கும் வேட்டி சேலைக்கும் அரணாகிய சங்கிலி உறையைக் கழற்ற வேண்டியதில்லை. வெளிப்புறக் கியர் அமைப்பு அவ்வுறையைப் பலிகேட்கும்.

மிதி அச்சில் ஓர் எச்சரிக்கை

காட்டர் பின் தேய்ந்து ‘கடக்கடக்’ என ஒலிக்கும் மிதி அச்சை மாற்ற விரும்புவோர் மரைகளைக் கவனிக்க வேண்டும். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்னும் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பெயரால் வழங்கும் அளவில் ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள். ராலே நிறுவனம் கையாண்ட அளவில் 26. இன்றைய மூடிய பேரிங் தொகுதி முன்னதற்கே பொருந்தும். பி.எஸ்.ஏ. முறையில் சங்கிலிப் பக்கக் கப்பின் மரை இடஞ்சுழி என்பதையும் நினைவில் கொள்க; வழக்கம்போல் திருப்பினால் அது கழலாது, மேலும் இறுகும்.

செலவுக்கு ஒரு வரம்பு

வேலையைத் தொடங்குமுன் எழுத்து வடிவில் மதிப்பீடு பெறுங்கள். பிரேக், சக்கரம், டயர் முதல் கட்டம். கியரும் மிதி அச்சும் இரண்டாவது. விளக்கும் வண்ணமும் மூன்றாவது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வண்டியைச் சில வாரங்கள் ஓட்டிப் பார்த்து, தேவை இருந்தால் மட்டும் அடுத்ததற்குச் செல்லுங்கள். இரவில் ஓட்டுவோருக்கு மட்டும் விளக்கு முதல் கட்டத்தைச் சேர்ந்தது. கழற்றும் கம்பி, மணி, பெயர்ப் பட்டை எதையும் எறிந்துவிட வேண்டாம். வண்ணம் பூசும்போது, சட்டகத்தில் பொறித்துள்ள எண் மறையாதபடி பார்த்துக்கொள்வது உங்கள் உடைமைக்குச் சான்று.

மொத்தச் செலவு ஒரு புதிய வண்டியின் விலையைத் தொடக்கூடும். சிலவேளை மிஞ்சவும் கூடும். மறுவிற்பனையில் அது திரும்புமென எதிர்பார்ப்பதற்கில்லை. நாள்தோறும் ஓட்டுவதற்கெனப் புதுப்பிப்போருக்கே இது ஆதாயமான செலவு. காட்சிக்கு வைப்பதாயின், துருவைத் துடைத்து எண்ணெயிட்டு வைத்தாலே போதும். சாலைக்குக் கொண்டுவருவதாயின், முதல் ரூபாய் பிரேக்குக்கே.