உஷ்ணமானி சொல்லாத சேதி

மார்கழி மாதத்து நடுப்பகலில் கூடத்து உஷ்ணமானி 28 டிகிரி காட்டினால், சேலம் பட்டணத்து வீடுகளில், "இதென்ன புழுக்கம்!" என்று யாரேனும் எழுந்து ஜன்னலைத் திறப்பார்கள். அதே கூடம், அதே 28 டிகிரி. ஆனால் மாதம் சித்திரை, முன்னிரவில் கோடை மழை கொட்டி ஓய்ந்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். "அப்பாடா, என்ன குளுமை!" என்று பாட்டியம்மாள் போர்வையைத் தேடுவாள். உஷ்ணமானியும் பொய் சொல்லவில்லை. பாட்டியும் பொய் சொல்லவில்லை.

மனித தேகம் அந்த நிமிஷத்து உஷ்ணத்தை மட்டும் கணக்கில் கொள்வதில்லை. சென்ற சில வாரங்களாகத் தான் அனுபவித்த வெயிலோடும் பனியோடும் ஒப்பிட்டே சுகம், அசௌகரியம் என்று தீர்ப்புக் கூறுகிறது. கோடை பிறந்த பத்துப் பதினைந்து நாட்களுக்குள் வேர்வை முன்னைவிடச் சீக்கிரம் துளிர்க்கத் தொடங்குகிறது. அதில் உப்பும் குறைகிறது. மனமும் தன் எதிர்பார்ப்பைத் திருத்திக் கொள்கிறது.

டென்மார்க் தேசத்து ஃபாங்கர் 1970-ஆம் வருஷம் வெளியிட்ட சுக சூத்திரம், அமெரிக்க, டேனிஷ் மாணவர்களைப் பரிசோதனை அறையில் உட்கார வைத்து வகுத்தது. குளிர் தேசத்து வாலிபரின் சுகமே உலகத்தார் அனைவரின் சுகம் என்று வெகு காலம் கட்டிட நிபுணர்கள் பலர் கொண்டிருந்தனர். இங்கிலாந்தில் ஹம்ப்ரீஸ் முதலியோர் இதை மறுத்தனர். நம்மவரும் சும்மா இருக்கவில்லை. அகமதாபாத் செப்ட் சர்வகலாசாலையார் சென்னை, டில்லி, பெங்களூர், சிம்லா, அகமதாபாத் ஆகிய ஐந்து நகரங்களின் அலுவலகங்களில், மூன்று பருவங்களில், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பதில்களைத் திரட்டி, 2016-ல் ஒரு கணக்கை வெளியிட்டனர். காற்றோட்டமுள்ள கட்டிடத்தில், வெளியே முப்பது நாள் சராசரி 24 டிகிரியானால் உள்ளே 25.8 சுகம், சராசரி 31 ஆனால் 29.6 சுகம். ஏறக்குறைய நாலு டிகிரி வித்தியாசம்! நமது மார்கழிக்கும் சித்திரைக்கும் அந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

ஆனால் உஷ்ணம் மட்டும் போதாது. சேலம், நாமக்கல் சமவெளியின் கோடை பெரும்பாலும் வறண்டது. வேர்வை உடனே உலர்ந்து தேகத்தைக் குளிர்விக்கும். புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பின் உஷ்ணம் குறைந்தும் புழுங்குவது இதனால்தான். கூரையின் குணமும் முக்கியம். சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்ட பழைய மெத்தை வீட்டின் தடித்த கூரை வெயிலை மெதுவாகவே உள்ளே விடும். இக்காலத்து மெல்லிய கான்கிரீட் தளமோ பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் நம் தலைமேல் கக்குகிறது. காற்றின் உஷ்ணம் ஒன்றாயிருந்தும் தளம் சுட்டால் உறக்கம் வராது. முன்னோர் பகலில் உள்ளறையிலும் மாலையில் திண்ணையிலும் இரவில் மொட்டை மாடியிலுமாக இடம் மாற்றிக் கொண்டனர். அந்தச் சுதந்திரமே பழக்கத்தின் பாதி. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரே அறையில் வாழும் ஏழைக்கு, "பழகிக் கொள்" என்று உபதேசிப்பது குரூரம்.

மறுபுறம், 18 டிகிரியில் குளிர்சாதன யந்திரத்தை ஓடவிட்டுக் கம்பளி போர்த்துபவர் தேகத்தின் பழக்கத்தைத் தாமே கெடுத்துக் கொள்கிறார். புது யந்திரங்கள் 24 டிகிரியிலேயே தொடங்க வேண்டும் என்று சர்க்கார் 2020 ஜனவரி முதல் விதித்திருப்பது நல்லதே. மின்சாரச் செலவும் குறையும்.

பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோழிக்கு வேர்வைச் சுரப்பிகள் கிடையா. வாயைத் திறந்து இரைத்தே உஷ்ணத்தை வெளியேற்றும். ஆகையால் நாமக்கல் பண்ணைக்காரர்கள் கோடையில் கூரைமேல் நீர் தெளிக்கிறார்கள். வெயில் தாழ்ந்த பின் தீனி வைக்கிறார்கள். அதே ஊரில், பங்குனி வெயிலில், கான்கிரீட் தளத்தின் கீழ் மேல்மாடி வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். இடம் மாறி உட்கார அனுமதி இல்லை. காலில் ஸாக்ஸும் பூட்ஸும். கழுத்தில், மூச்சு முட்ட, ஒரு டை.